அடுத்த ஊர் வரைதான் சுமை

கமிசவா, ஜப்பான்
3 டிசம்பர் 2024

அன்புத் தம்பி பாலகுருவுக்கு, அக்கா ரோஜா எழுதுவது. நான் இங்கே சுகம். சளி மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் விவரமாக எழுது.

ஞாயிறுதோறும் வீடியோவில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். வீடியோவில் பாதித் தெருவே உன் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. "அங்கன மீன் கொழம்பு கெடைக்குமா" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே நேரம் போய்விடுகிறது. மனசில் இருப்பதை எழுதினால்தான் உண்டு.

அதுவும் போக, நான் வேலைக்கு வந்திருக்கும் இந்த ஊரே தபாலுக்காகவும் வழிப்போக்கர்களுக்காகவும் உண்டான ஊர். அந்தக் காலத்தில் ஒரு தலைநகரத்திலிருந்து இன்னொரு தலைநகரத்துக்கு மலை வழியாக ஒரு நடைபாதை போட்டிருந்தார்கள். வழி நெடுக, நடந்து களைக்கிற தூரத்தில் ஓர் ஊர். அங்கே தங்கலாம், குதிரை மாற்றலாம். பிரபுக்களின் பெட்டியையும் தபாலையும் சுமக்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு. இந்த ஊர் ஆள் அடுத்த ஊர் வரைதான் சுமப்பான். அங்கே இறக்கி வைத்தால் அந்த ஊர் ஆள் எடுத்துக்கொள்வான். ஒரே ஆள் கடைசி வரை சுமக்கக் கூடாது என்று சட்டமே இருந்ததாம். எங்கள் விடுதி முதலாளியம்மா சொன்னார். அவரை இங்கே ஒகாமி-சான் என்று கூப்பிட வேண்டும்.

ஒரே தெரு. இரண்டு பக்கமும் மர வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் ஊரே போய்விடும். அதனால் வாசலுக்கு வாசல் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். தெருவில் பீடி சிகரெட் கூடாது. பொழுது சாய்ந்ததும் ஒருவர் இரண்டு கட்டைகளைத் தட்டிக்கொண்டு "தீயில் கவனம்" என்று கத்தியபடி தெரு முழுக்க நடப்பார். முறை மாற்றி முறை. யார் வாசலில் ஒரு மரப்பலகை தொங்குகிறதோ அன்றைக்கு அந்த வீட்டு முறை.

தீக்குப் பயந்த ஊரில் வந்து சேர்ந்திருக்கிறேன். எனக்கு ஏற்ற ஊர்தான். பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் மருந்தறை வெடித்து அப்பா போன பிறகு, இனி பயர் ஆபீஸ் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாயே, அதை நம்பித்தான் நான் விமானம் ஏறினேன். அச்சாபீஸ் வேலை எப்படிப் போகிறது?

அம்மாவுக்கு என் அன்பு.
ரோஜா


ஏழாயிரம்பண்ணை
29 டிசம்பர் 2024

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி பாலகுரு. நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு வலிக்கவில்லை. ஆகவே வருஷத்தில் முக்கால்வாசி நாள் நன்றாக இருக்கிறது.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. கை வலிக்கிறது. உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த ஊர் வரைதான் சுமப்பான் என்ற இடத்தில் அம்மா, "நல்ல சட்டமாத்தான் இருக்கு. நம்ம ஊர்ல ஒருத்தரும் போடலையே" என்றாள்.

சிவகாசியில் காலண்டர் வேலை மும்முரம். எனக்குக் காலண்டர் தலையில் டின் பட்டை அடிக்கிற மெஷின். ஒரு நாளைக்கு எத்தனை முருகன், எத்தனை லட்சுமி என் கையால் தொங்கத் தயாராகிறார்கள் என்று கணக்கே இல்லை. எல்லாப் புண்ணியமும் எனக்குத்தான். பொங்கல் முடிந்தால் வேலை கொஞ்சம் மந்தமாகும், ஆள் குறைப்பார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். என்னைக் குறைக்க மாட்டார்கள். நீ கவலைப்படாதே.

காலையில் பைக்கில் போகும்போது மார்கழிப் பனி காதைக் கடிக்கிறது. உன் ஊர்ப் பனிக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை என்று நீ சொல்வாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பாலகுரு


கமிசவா
19 ஜனவரி 2025

தம்பிக்கு அக்காவின் அன்பு. உடம்பு தேவலை. பொங்கலன்று இங்கே இடுப்பளவு பனி. அரிசி இருந்தது, வெல்லம் இல்லை. சீனி போட்டுப் பொங்கி ஒகாமி-சானுக்கும் கொடுத்தேன். நல்ல மனசுக்காரர், முழுவதும் சாப்பிட்டார்.

உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன், அம்மாவுக்கு வாசிக்காதே. இங்கே கூடத்தின் நடுவில், தரையில் ஒரு குழி அடுப்பு. சமைக்க இல்லை. விறகு எரிந்து புகை மேலே போனால்தான் கூரை மரத்தில் பூச்சி அரிக்காதாம். முந்நூறு வருஷத்து வீட்டைப் புகைதான் காப்பாற்றுகிறதாம். தினமும் காலையில் அதை மூட்டும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். தீக்குச்சியைக் கையில் எடுத்ததும் என்னால் முடியவில்லை. வாசலில் போய்ப் பனியில் நின்றுவிட்டேன். ஒகாமி-சான் வந்து அவரே மூட்டினார். இன்றுவரை அவர்தான் மூட்டுகிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு கூத்து. குளிர்காலத்தில் இங்கே காற்று வறண்டுவிடுகிறது. கதவின் இரும்புப் பிடியைத் தொட்டேன், 'சுருக்' என்று ஒரு பொறி. நான் போட்ட சத்தத்தில் விருந்தாளிகள் ஓடி வந்தார்கள். உடம்பில் சேரும் மின்சாரமாம், கம்பளித் துணியால் வருமாம், ஒன்றும் செய்யாதாம். சிரித்தார்கள். அப்பா வேலைக்குப் போகையில் பருத்திச் சட்டை தவிர வேறெதையும் தொடவே மாட்டாரே, அறைக்குள் நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போவேன் என்பாரே, அதெல்லாம் அவர்களுக்கு என்ன தெரியும். நம் வீட்டில் அந்தப் பொறிக்குப் பெயர் சாவு.

அது கிடக்கட்டும். உனக்கு ஒரு ஜாக்கெட் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீல நிறம், கழுத்து வரை ஜிப். மெத்தென்று இருக்கும், பனி உள்ளே வராது. கழற்றும்போது சடசடவென்று பொறி தெறிக்கும், பயந்துவிடாதே. அச்சாபீஸில் அது ஒன்றும் செய்யாது. போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு.

ரோஜா


ஏழாயிரம்பண்ணை
16 பிப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு. நாங்கள் நலம். மாசி பிறந்ததும் வெயில் அடிக்கத் தொடங்கிவிட்டது.

ஜாக்கெட் வந்தது. தெருவே தொட்டுப் பார்த்தது. பாண்டிமீனா, உன் கூடப் படித்த அதே பாண்டிமீனாதான், இப்போது பஸ் ஸ்டாப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறது, தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுக்கு நான் கடைய மூடிரலாம்" என்றது. வேலைக்குப் போட்டுக்கொண்டு போக மனசில்லை, மை பட்டால் போகாது. ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். போட்டோ அடுத்த தடவை.

வேலை இருக்கிறது. காலண்டர் முடிந்தாலும் நோட்டு, லேபிள் என்று ஓடுகிறது. இப்போது அதிகாலையிலேயே போய்விடுகிறேன், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தன் பங்குக்கு எழுதச் சொல்கிறாள். சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "ரோசா, நீ அனுப்புன ஜாக்கெட்டு நல்லாருக்கு. அது அவனுக்கு ஒதவாது. உன்னால முடிஞ்சா ரெண்டு பருத்திச் சட்டை அனுப்பு. நைலான் கலக்காத பருத்தி. உங்கப்பா போடுவாக பாரு, அந்த மாதிரி. காலையில நாலு மணிக்கே எந்திரிக்கான். எனக்குத் தூக்கமே வரல." பார், நீ அனுப்பியதில் குறை கண்டுபிடித்துவிட்டாள். பருத்திச் சட்டை ஜப்பானிலிருந்து வாங்க வேண்டுமா? விருதுநகரில் கிடைக்காததா? நீ அனுப்பாதே, நான் வாங்கிக்கொள்கிறேன்.

பாலகுரு


கமிசவா
9 மார்ச் 2025

பாலகுரு,

நான் நலம், நீ நலமா என்றெல்லாம் எழுத இன்று கை வரவில்லை.

அச்சாபீஸில் நைலான் சட்டை போட்டால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். மை படும் என்றால் அம்மா பழைய சட்டைதான் கேட்டிருப்பாள். நைலான் கலக்காத பருத்தி, அப்பா போட்ட மாதிரி என்று கேட்கிறாள். அதை உன் கையாலேயே எழுத வைத்திருக்கிறாள். நீ பக்கத்தில் இருக்கும்போது அவளால் வேறு எப்படிச் சொல்ல முடியும்? அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எப்படிச் சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்து ஏமாந்தது நீதான்.

அதிகாலையில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பும் வேலை எது என்று இந்த அக்காவுக்குத் தெரியாதா? இங்கே மதியத்தில், அங்கே காலை எட்டரைக்குக் கூப்பிட்டால் உன் போன் அணைந்திருக்கிறது. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்றாய். மணி அடித்தால்தானே கேட்காமல் போகும்.

இந்த ஊரின் தலைமாட்டில் தெரு வேண்டுமென்றே இரண்டு தடவை முட்டித் திரும்புகிறது. அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று இங்கிருந்து தெரியாது. எதிரி நேரே வந்துவிடாமல் இருக்கக் கட்டினார்களாம். உன் கடிதங்களும் அப்படித்தான் இருக்கின்றன, நான் திருப்பத்தில் நிற்கிறேன்.

மருந்தறையா? அதை மட்டும் சொல். சரம் பின்னுகிறேன், பெட்டி ஒட்டுகிறேன் என்றால் அழுதுவிட்டுப் பொறுத்துக்கொள்வேன். மருந்து கலக்குகிறாயா?

ரோஜா


கமிசவா
20 ஏப்ரல் 2025

தம்பி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என் முகத்தையே பார்க்கவில்லை. "அப்புறம் பேசலாம்க்கா" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டாய். அம்மா கேமராவைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசினாள்.

போன வாரம் இங்கே ஒரு குடும்பம் வந்து தங்கியது. பூ பார்க்க வந்தவர்கள். இந்தத் தெருவில் வெடி கொளுத்தக் கூடாது, அவர்களுக்குத் தெரியாது போல. பொழுது சாயும் நேரம், பின்கட்டில் பிள்ளைகள் கம்பி மத்தாப்பு மாதிரி ஒன்றைப் பற்ற வைத்தார்கள். நூல் கனம்தான் இருக்கும். 'ஸ்ஸ்' என்ற சத்தம் கேட்டது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வாசல் தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டு பிள்ளைகள் தலையில் கொட்டிவிட்டேன். இரண்டும் நனைந்து வீல் என்று அழ, தாய் என்னைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மத்தாப்பு செய்கிற ஊர்க்காரி மத்தாப்பைப் பார்த்து இப்படிச் செய்தாள் என்று சொன்னால் நம் தெருவில் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நான் காலி வாளியைப் பிடித்தபடியே நின்றேன்.

ஒகாமி-சான் அவர்களிடம் தரையில் நெற்றி பட மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னிடம் வந்து, "உன் வீட்டில் யார்?" என்று மட்டும் கேட்டார். அப்பா என்றேன். இப்போது தம்பி என்றும் சொன்னேன். அந்த இரண்டாவது வார்த்தையைச் சொன்ன பிறகுதான் எனக்கே அது உண்மையாகிவிட்டது.

மறுநாள் காலை போனில் செய்தி. நம் பக்கத்தில் ஏதோ ஓர் ஆலையில் வெடி. தரைமட்டமான அறையின் படம். பெயர்கள் இன்னும் வரவில்லை என்று போட்டிருந்தார்கள். உன்னைக் கூப்பிட்டேன், அணைந்திருந்தது. அம்மா எடுக்கவில்லை. படுக்கைகளை மடித்தேன், விரித்தேன், திரும்ப மடித்தேன். சாயங்காலம் அம்மா எடுத்து, "அது வேற கம்பெனி, இங்கன இல்ல" என்றாள். வேறு கம்பெனி என்றதும் நான் சந்தோஷப்பட்டேன், பாலகுரு. வேறு யாரோ செத்ததற்குச் சந்தோஷப்பட்டேன். என்னை இப்படி ஆக்கிவிட்டாய்.

அன்று எங்கள் வாசலில் பலகை தொங்கியது. கட்டையைத் தட்டிக்கொண்டு ஒகாமி-சானோடு நடந்தேன். தீயில் கவனம் என்று நான் கத்திய கத்தலில் மூடிய ஜன்னல்கள் திறந்தன.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.
ரோஜா


ஏழாயிரம்பண்ணை
4 மே 2025

அக்காவுக்கு,

அம்மா நலம். நானும் இன்றைக்கு நலம். இப்படி எழுதினால் நீ பயப்படுவாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், இனிமேல் பொய் வேண்டாம்.

மருந்தறைதான். பொங்கல் முடிந்ததும் அச்சாபீஸில் ஆள் குறைத்தார்கள், முதலில் குறைத்தது என்னைத்தான். தெரு முனையில் தினமும் பயர் ஆபீஸ் வேன் வந்து நிற்கிறது. அப்பாவோடு வேலை செய்த கண்ணுச்சாமி அண்ணன்தான் அங்கே போர்மேன். "தங்கச்சாமி மவனா, கை சுத்தமா இருக்கும், வாலே" என்றார். அக்காவிடம் சொன்னால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று அம்மாவை மிரட்டி வைத்தேன். அவள் என் பேனாவாலேயே உனக்குச் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சத்தியத்தை மீறினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீதானே எழுதினாய், ஓர் ஊர் ஆள் அடுத்த ஊர் வரைதான் சுமப்பான், அதற்கு மேல் மாற்று ஆள் என்று. அப்பா போனதிலிருந்து நீ ஒருத்தியே சுமக்கிறாய். உன் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போகிறது. பனியில் நின்று ஊரார் படுக்கையை மடிக்கிறாய். அந்த வரியை வாசித்த அன்றைக்கே எனக்கு வெட்கமாகிவிட்டது. மாற்று ஆள் நான் இருக்கிறேனே என்று நினைத்தேன். அதில் என்ன தப்பு?

பயப்படாதே. பருத்திச் சட்டைதான் போடுகிறேன். செம்புத் தகட்டைத் தொடாமல் உள்ளே போனதில்லை. தரையில் தண்ணீர் தெளிக்கிறேன், எதையும் இழுப்பதில்லை, தேய்ப்பதில்லை. எனக்குப் பயமே வரவில்லை என்பதுதான் உண்மை. தீபாவளி சீசன் முடியட்டும், விட்டுவிடுகிறேன்.

கோபித்துக்கொள்ளாமல் எழுது.
பாலகுரு


கமிசவா
25 மே 2025

அம்மாவுக்கு ரோஜா எழுதுவது. இதைப் பாண்டிமீனாவின் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். மீனா, தம்பி இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. உனக்குக் கோடிப் புண்ணியம்.

அம்மா, பருத்திச் சட்டை கேட்டு நீ சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. அவனும் ஒத்துக்கொண்டான். தனக்குப் பயமே வரவில்லை என்று எழுதியிருக்கிறான். அதைப் படித்த பிறகுதான் எனக்கு நிஜமான பயம் பிடித்தது. அப்பாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாற்று ஆள் என்கிறான். சுமை மாற்றுவதைப் பற்றி நான் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மருந்தறைக்குப் போயிருக்கிறான். அதை ஏன் எழுதினேன் என்று என் கையை நானே கடித்துக்கொள்கிறேன். நான் சொல்லி அவன் கேட்க மாட்டான். நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்றால், வந்தால் வீட்டில் இருக்க மாட்டேன் என்கிறான். நீதான் பெற்றவள். அழுதோ அடித்தோ, எப்படியாவது அவனை அங்கிருந்து இழுத்து வா. தீபாவளி வரை என்னால் பொறுக்க முடியாது.

இங்கே மழை தொடங்கிவிட்டது. மாத்திரையை மறக்காதே.

உன் மகள்
ரோஜா


ஏழாயிரம்பண்ணை
15 ஜூன் 2025

ரோஜா, நான் பாண்டிமீனா. உன் அம்மா என் கடையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். எழுத மாட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். நீ மனசைத் திடப்படுத்திக்கொண்டு வாசி.

"ஏ ரோசா, நல்லாருக்கியா. எனக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. நீ எழுதுனத மீனா படிச்சுக் காட்டுச்சு. அழுதும் பாத்தாச்சு, அடிச்சும் பாத்தாச்சு. சோறு பொங்காமக் கூடக் கெடந்து பாத்தேன், அவன் கடையில இட்லி வாங்கியாந்து எனக்கு ஊட்டுறான். அம்புட்டுப் பாசமான பய, அதான் என்னைய எரிக்குது.

மாத்து ஆளு, மாத்து ஆளுங்கான். சரி, மாத்து ஆளுதான வேணும், வீட்ல மூத்தவ நான் இருக்கேன்ல. போன வாரம் போயி கண்ணுச்சாமியப் பாத்தேன். 'அண்ணே, எனக்கும் ஒரு எடம் குடுங்க'ன்னேன். 'ஒங்களுக்கு எதுக்கு மதினி இந்த வெயில்ல'ன்னாக. 'சீசனுக்கு ஆளு வேணாமா, எனக்கு வேலை தெரியாதா'ன்னேன். குடுத்துட்டாக. திரி சொருகுற ரூமு. அவன் மருந்தறைக்கு நேர் எதுத்தாப்புல. நடுவுல ஒரு வேப்பமரந்தான்.

மொத நாளு என்னையப் பாத்ததும் அவன் மூஞ்சில ரத்தமே இல்ல. 'என்னம்மா இது'ன்னான். 'நீ வர்ற வரைக்கும் நானும் வருவேம்லே'ன்னேன். ஏசுனான், கெஞ்சுனான். நான் பாட்டுக்குத் திரி சொருகுனேன்.

இதுல எனக்கு ஒரு ஞாயம் இருக்கு. உங்கப்பா போன அன்னைக்கு நான் வீட்ல மொச்சை உரிச்சிக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. எந்தப் பக்கம்னு தெரியாம தெருவுல ஓடுனேன். ஓடுனப்ப கையில மொச்சைத் தோலு இருந்துச்சு, ஆஸ்பத்திரி வரைக்கும் இருந்துச்சு. இன்னொரு தடவ என்னால வீட்ல ஒக்காந்து அந்தச் சத்தத்தக் கேக்க முடியாது. கேட்டா அங்கனயே கேட்டுட்டுப் போறேன். நீ வெசனப்படாத. வேளைக்குத் தின்னு."

உன் அம்மா கைநாட்டு வைத்திருக்கிறாள். ரோஜா, தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவளிடம் பேச முடியவில்லை.

பாண்டிமீனா


கமிசவா
1 ஜூலை 2025

பாலகுரு,

மீனா எழுதியது வந்தது. உடனே கூப்பிட்டேன். உன் போன் அணைந்திருக்கிறது, அம்மாவின் போனும் அணைந்திருக்கிறது. இரண்டு போனும் பயர் ஆபீஸ் கேட்டில் வாங்கி வைக்கிற ஒரே பெட்டியில் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். பொழுது சாய்ந்து அம்மா எடுத்தாள். விடும்மா என்றால், "அவன விடச் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு இருப்பது இரண்டே பேர். இரண்டு பேரும் ஒரே வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஒரு சத்தம் போதும், எனக்கு ஊரென்று ஒன்று இருக்காது.

இன்று காலை ஒகாமி-சானுக்குக் காய்ச்சல். குழி அடுப்பை நானே மூட்டினேன். உரசினேன், பற்றியது, கை நடுங்கவில்லை. உள்ளே பயந்து பயந்து மரத்துப்போய்விட்டது போல. அப்படி மரத்துப்போன கையோடுதான் நீயும் அங்கே நிற்கிறாயோ என்று நினைத்தேன். புகை மேலே போவதைப் பார்த்து அழுதேன்.

அவளை வெளியே கூட்டி வா. வேறு எதுவும் எழுத எனக்கு இல்லை.
ரோஜா


ஏழாயிரம்பண்ணை
27 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. அம்மா சுகம், நான் சுகம். இந்தத் தடவை இரண்டும் முழு உண்மை. போனில் "விட்டுட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அம்மா வந்த புதிதில் நான் வீராப்பாகத்தான் இருந்தேன். எவ்வளவு நாள் வருவாள், முழங்கால் வலித்தால் தானாக நிற்பாள் என்று நினைத்தேன். காலையில் இரண்டு பேரும் ஒரே வேனில் ஏறுவோம், ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் உட்காருவோம். செம்புத் தகட்டைத் தொடும்போது திரும்பிப் பார்ப்பேன். அவளும் அவளுடைய அறை வாசலில் தகட்டைத் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அது நடந்துவிட்டது. ஒரு காலையில் மருந்து சலித்துக்கொண்டிருந்தேன். காற்றில்லை. எதிர் அறையிலிருந்து இருமல் கேட்டது. அம்மாவின் இருமல்தான், நமக்குத் தெரியாதா. அவ்வளவுதான் அக்கா. என் கையில் இருப்பது என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை மாதமும் வெடித்தால் நான்தானே போவேன் என்று இருந்தேன். இது நான் மட்டும் இல்லை. இந்தச் சல்லடை கொஞ்சம் உரசினால் அந்த இருமல் நின்றுவிடும். கை நடுங்கத் தொடங்கியது. மருந்து இருக்கிற கை நடுங்கக் கூடாது. நடுங்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அதிகமாக நடுங்கியது. அந்த நேரம் நான் பட்ட பயத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் சல்லடையைத் தரையில் வைத்தேன். பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்தேன். தொட்டியில் கை கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன்.

அம்மாவின் அறை வாசலில் போய், "வாம்மா, போவோம்" என்றேன். அவள் திரியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னைக்கு மட்டுமா, எப்பவுமா?" என்றாள். எப்பவும் என்றேன். "கண்ணுச்சாமி அண்ணன்ட்டப் போயி சொல்லிட்டு வா, அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள்.

கண்ணுச்சாமி அண்ணன் கோபப்படவில்லை. "போங்கலே. நல்லாருங்க. எனக்கு நாளைக்கு வேற ஆளு வந்துருவான்" என்றார்.

காலண்டர் சீசன் தொடங்கிவிட்டதால் அச்சாபீஸில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அம்மா என்னை இன்னும் நம்பவில்லை. தினமும் காலையில் ஆணியிலிருந்து நீ அனுப்பிய ஜாக்கெட்டை எடுத்து எனக்கு மாட்டி, கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிடுகிறாள். ஆடி மாத வெயிலில், அக்கா. இதைப் போட்டிருக்கிறவனை எந்தப் பயர் ஆபீஸ் கேட்டிலும் உள்ளே விட மாட்டார்கள் என்பது அவளுடைய கணக்கு. வழியில் எல்லோரும் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். நீ கேட்ட போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். வேர்வையைப் பார்த்துச் சிரித்துக்கொள்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை.

கண்ணுச்சாமி அண்ணன் சொன்ன அந்த வேறு ஆள் மறுநாளே வந்துவிட்டான். நம் தெற்குத் தெரு ஜெயபாண்டி. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். நான் கீழே வைத்த சல்லடையை அவன் எடுத்துக்கொண்டான். போய்ச் சொல்லிப் பார்த்தேன். "எனக்குப் பயமே இல்லடா" என்று சிரித்தான்.

நேற்று சாயங்காலம் அவன் அம்மா பாலம்மாள் அத்தை நம் வீட்டுக்கு வந்தது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, அம்மாவிடம் மெதுவாகக் கேட்டது:

"மதினி, நீங்க இருந்தீகள்ல, அந்தத் திரி ரூமு. அங்கன எடம் காலியா இருக்கா?"

அம்மா உள்ளே போய், தான் வேலைக்குக் கட்டிப் போன பருத்திச் சேலை இரண்டையும் எடுத்து வந்து அத்தையின் கையில் கொடுத்தாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா. உன் ஊரில் இன்றைக்கு யார் வாசலில் பலகை தொங்குகிறதோ, அவரிடம் சொல்லி ஜெயபாண்டிக்காகவும் கொஞ்சம் சத்தமாகக் கத்தச் சொல்.

பாலகுரு